சொன்னால் பலித்துவிடுமோ

8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மயிலாப்பூரில் ஓர் இலைகூட அசையவில்லை. சனிக்கிழமை தி.நகர் நூலகத்தில் பேச வேண்டும்: போர்க் கவிதைகளில் படிமம். குறிப்பு பாதிகூட ஆகவில்லை.

அருண் நேற்று அனுப்பியது: "மா, நாளைலேர்ந்து போன் கிடையாது. சண்டை நடக்கற கடலைத் தாண்டணும். நியூஸ் பாக்காதே." எண்ணெய்க் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். நான் பெற்ற பிள்ளை. நியூஸ் பார்க்காமல் இருப்பேனாம்.

பேச எடுத்தவை: அடுப்பில் பூனை தூங்கும் வீடு. தோற்றவன் ஊரில் கழுதை பூட்டி உழுத வீதி. கொடியில் சட்டை (புதுக்கவிதை. காணாமல் போன மகனின் சட்டை, வருஷக்கணக்காகக் கொடியிலேயே. அம்மா எடுத்து மடிப்பதில்லை). குண்டு, ரத்தம் எதுவும் இல்லாமலே அழிவைக் காட்டிவிடுகிறார்கள். அதுதான் பேச்சின் சாரம்.

பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல வேண்டும்.

9, செவ்வாய்

தூக்கம் இல்லை. சமைக்கவும் மனம் வரவில்லை. வேலைக்கு வந்த செல்வி சமையலறையிலிருந்து: "இன்னாக்கா, அடுப்பே பத்த வெக்கலியா? பூனை மேடை மேல ஏறிப் படுத்துக்கினு கீது."

பூனையை விரட்டி, அடுப்பைப் பற்றவைத்து, தேவையே இல்லாமல் பால் காய்ச்சினேன். செல்வி ஒரு மாதிரிப் பார்த்தாள். குறிப்பிலிருந்து அடுப்பை அடித்துவிட்டேன்.

10, புதன்

டி.வி.யில்: ஒரு கப்பல் தீப்பிடித்திருக்கிறது. பெயர் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், "தெரிஞ்சதும் கூப்பிடறோம் மேடம்." எப்போது போட்டாலும் அதே பெண், அதே குரல்.

பாட்டு அமங்கலச் சொல்லில் தொடங்கினால் பாடப்பட்டவனுக்கு ஆகாது என்று பழைய இலக்கணத்தில் உண்டு. கல்லூரியில் வருஷா வருஷம் அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன். இன்று சட்டைக் கவிதையை வாய்விட்டுப் படித்துப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் வரியோடு தாளை மூடிவிட்டேன். அதையும் அடித்தாயிற்று. மிச்சம் கழுதைதான்.

12, வெள்ளி

மழை வரும்போல் இருட்டிவிட்டு ஏமாற்றியது. அருண் அப்பாவிடம் சொன்னேன், சட்டைக் கவிதையை வாசிக்கப் போவதில்லை என்று. "சொன்னா நடந்துடுமா, சுதா? படிச்சவ பேசற பேச்சா இது?"

பூஜை அலமாரி துடைக்கும்போது பார்த்தேன். மாமனாரின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் இருந்த அருண் படத்தைக் காணோம். டி.வி. பக்கத்தில் இருக்கிறது. கேட்டதற்கு, "அங்க ஒரே தூசி," என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

13, சனி

பேச்சு. கூட்டம் சுமார். கழுதையை வைத்தே ஓட்டினேன். கேள்வி நேரத்தில் ஓர் அம்மாள் எழுந்தார். என் வயதுதான். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது பாலவாக்கத்தில். அழைப்பிதழில் சட்டைக் கவிதை என்று போட்டிருந்ததாம், அதற்காகவே பஸ் மாறி வந்தாராம்.

"ஏன் அதை விட்டிட்டியள்? என்ர மகனும் காணாமல் போனவன்தான். ஆராவது சபையில வாசிச்சு ஒருக்காக் கேக்கோணும் எண்டு வந்தனான்."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வாசித்தேன். நடுவில் பையில் போன் அதிர்ந்தது. நிறுத்தவில்லை.

வாசலுக்கு வந்துதான் போனை எடுத்தேன். அருண் அப்பாதான். "தாண்டிட்டாங்களாம், சுதா. இப்பதான் பேசினான்."

திரும்பினால் அந்த அம்மாள். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" மகன், கப்பல், சண்டை என்று ஏதோ உளறினேன். "இப்ப எப்பிடி இருக்கிறார்?"

அவர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகமா இருக்கிறான் எண்டு வாய்விட்டுச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் ஆகாது."