நான் சொன்ன இரண்டு போத்தல்

அன்புள்ள நண்பருக்கு,

பக்கத்து வீட்டில் சேலைன் போத்தலைக் கவிழ்த்துக் கட்டி, வெயிலில் வாடும் மிளகுக் கொடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். இன்று காலை அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். சோடியம் குளோரைட்டு, ஐந்நூறு மில்லிலீற்றர். படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் தமிழும் நான் விஞ்ஞானமும் கற்பித்தோம். சோதனைக் குழாயில் பெயர் ஒட்டாததற்காக உங்கள் மகளுக்கே இரண்டு புள்ளி குறைத்தேன். ஆசிரியர் அறையே சிரிக்கும்படி கேட்டீர்கள்:

"உங்க வீட்டுல உப்பு டப்பாவுக்கும் பேர் ஒட்டித்தான் சமைக்கிறாங்களா சேர்?"

"உப்பும் சீனியும் பாக்க ஒண்ணுதானே சேர்!" என்றேன் நான்.

காய்ச்சலும் வாந்தியுமாகச் சோர்ந்தபோது, நம் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வதையே நீங்களும் சொன்னீர்கள்: "ஒரு சேலைன் ஏத்திட்டா எழும்பிருவேன் சேர்." நரம்பில் ஏறுவது எதுவானாலும் நமக்கு அது சேலைன்தான். பெல்மதுளையில் ஒரு டிஸ்பென்சரியில், பிற்பகல் முழுவதும், இரண்டு போத்தல் ஏறி முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பழங்கதை பேசினேன். போத்தலைப் படிக்கவில்லை.

மறுநாள் உங்களுக்கு மூச்சு வாங்கியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், டெங்கு என்று கண்ட இளம் டாக்டர் சிங்களத்தில் கேட்டார்: ஏற்றியது நோர்மல் சேலைன் என்ற உப்புநீரா, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிநீரா, ஹார்ட்மன் என்ற கலவையா? எத்தனை மில்லிலீற்றர்? டெங்குவில் அளவு மீறினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும், ஏறியது தெரிந்தால்தான் இனி எவ்வளவு என்று முடிவெடுக்கலாம் என்றார். தெரியாது என்று சொல்ல விஞ்ஞான வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. "நோர்மல் சேலைன். ஐந்நூறு மில்லி போத்தல் இரண்டு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

உங்கள் கருமாதி முடிந்தபின் டிஸ்பென்சரிக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டினாள். "டெக்ஸ்ட்ரோஸ் சேர். லீற்றர் போத்தல் ரெண்டு."

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, நோய் முன்பே முற்றியிருந்தது என்றார் டாக்டர். இருக்கலாம். அதை நம்பிப் படுக்கிறேன், தூக்கம் வருவதில்லை. உங்கள் மகளோ, "கடைசிவரைக்கும் நீங்கதான் அப்பா கூடவே இருந்தீங்க சேர்" என்று பார்க்கும்போதெல்லாம் கண்கலங்குகிறாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று டாக்டர் உங்கள் பக்கம் திரும்பி, "சரியா?" என்று கேட்டார். ஒட்சிசன் முகமூடியை விலக்கி, என்னைப் பார்த்து, இரைக்க இரைக்க நீங்கள் சொன்னதுதான் என்னிடம் மிச்சம்:

"நீங்க சொன்னா சரியாத்தான் சேர் இருக்கும்."