முப்பத்தேழு தங்கைகளின் அரைவிலைக் கூறை

கடலையும் கழனியையும் ஒருங்கே காக்கும் நெடுங்கரை நாட்டு வேந்தர், குடை சாயாத பரிவல்லப மாறர் திருவாணைப்படி, அவர்தம் ஓலைநாயகமும், கண்ணும் காதும் மங்கியும் நா மட்டும் மங்காத கிழ அமைச்சனுமாகிய அம்பலக்கோன், தறிவேலி நகரத்து அரச நெசவுச்சாலைக் காப்பாளரும் முறை பிறழாச் சிந்தையரும் என் நெடுநாள் நண்பருமாகிய வெண்ணாவலுடையாருக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் தறிகள் ஓயாதிருக்க, சாயத்தொட்டிகள் வற்றாதிருக்க, தங்கள் ஒரே மகள் செந்திருநங்கை நீடு வாழ்க, தங்கள் முழங்கால் வலி என் முழங்காலுக்கு வந்து சேர்க. இங்கே அதற்குத் துணையாக ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

தாங்கள் அனுப்பிய முறையீடு கண்டோம். நெசவுச்சாலையில் பணிபுரிவோர் தம் உடன்பிறந்தாள் திருமணத்துக்குரிய கூறைப்புடவையை அரைவிலைக்குப் பெறலாம் என்பது மன்னர் அளித்த சலுகை. துணி அளக்கும் முழக்கோல் பிடிக்கும் நம்பிக்கூத்தன் இச்சலுகையை ஆறாண்டுகளில் முப்பத்தேழு முறை பெற்றிருக்கிறான். சென்ற ஆனித் திங்களில் மட்டும் அவனுக்கு நான்கு தங்கைகள் மணமாயினர். நால்வருக்கும் வயது பதினெட்டு. அங்கேதான் தாங்கள் ஐயுற்றீர்கள். அவனோ பஞ்சுப் பொதிகளுக்கிடையே கிடந்து சாலையாரால் எடுத்து வளர்க்கப்பட்டவன்; தாயும் இல்லை, தங்கையும் இல்லை. சலுகையைத் திரித்தவன் பணி இழந்து நாட்டெல்லைக்கு அப்பால் விடப்படுவான் என்ற சட்டத்தைச் சுட்டி, அதில் ஓர் எழுத்தும் குறையாமல் நிறைவேற்றுக என்று எழுதியிருந்தீர்கள்.

முப்பத்தேழு ஓலைகளிலும் இலச்சினை பதித்தவன் யார் என்று தாங்கள் எழுதவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. பதித்தவன் நான்தான். ஒன்றையும் படிக்கவில்லை. அதனினும் கொடுமை, அத்திருமணங்களில் மூன்றுக்குப் போய் உண்டு வந்திருக்கிறேன். மூன்றாவதில் அவனை அழைத்து, உன் தங்கைகள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சாயலாக இருக்கிறார்களே, இறைவன் படைப்பே படைப்பு என்று வியந்தும் வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினான். நாட்டின் கூர்த்த மதி அன்று இலையில் இருந்தது.

அறமன்றில் அவனை நிறுத்தி, இதனால் நீ அடைந்த ஊதியம் என்ன என்று வினவினோம். ஒரு காசும் இல்லை என்பது விசாரணையில் தெளிவாயிற்று. பின் ஏன் செய்தாய் என்றதற்கு அவன் உரைத்ததை எழுத்தர் எழுதியவாறே தருகிறேன்: "பந்தியில உக்காந்தா, நீ பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடான்னு கேப்பாங்கய்யா. எனக்குச் சொல்ல ஒரு வீடு இல்ல. ஒரு தடவ பொண்ணு வீடுன்னு சொல்லிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அண்ணன் இல்லாத ஏழைப் பெண்களாகத் தேடி, தன் தங்கை என்று எழுதிக் கொடுத்து, கரையில் நூல் தப்பிய புடவை, அதனால் மலிவு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே அவர்கள்மேல் குற்றமில்லை. வழக்கின் செய்தி பரவி, முப்பத்து மூவர் வண்டி கட்டிக்கொண்டு மன்றுக்கு வந்துவிட்டனர்; மற்ற நால்வருக்குப் பேறுகாலம். உப்பளத்துக் கயல்மங்கை என்பாள் மணக்கூறையை விரித்துக் காட்டி, "நூல் தப்புன எடத்த ஆறு வருஷமாத் தேடுறேன், இன்னும் ஆப்புடல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கண்ணன நாட்டவிட்டுத் துரத்திட்டா, எம்புள்ளைக்குக் காது குத்தறப்ப யாரு மடியில உக்கார வைக்கிறது? ஒங்க மடியிலயா?" என்றாள். என் தொந்திக்கு முன்னே மடி என்று ஒன்று இருந்த காலம் தாங்கள் அறிவீர்கள். இப்போது அதில் குழந்தை நிற்காது, உருளும். எனவே சட்டத்தை எடுத்து, இம்முறை படித்தேன்.

நம் நாட்டு மணமுறைப்படி, வேள்வித்தீயின் முன் பெண்ணின் கையில் பொரியிடுபவன் எவனோ அவனே அவளுக்கு ஆயுள் முழுதும் அண்ணன். நம்பிக்கூத்தன் முப்பத்தேழு கைகளிலும் பொரியிட்டிருக்கிறான். மூன்றுக்கு நானே சாட்சி. ஆயினும் புடவை வாங்கிய நாளில் அவன் பொரியிட்டிருக்கவில்லை; அன்று எழுதியது பொய்யே. குற்றம் நின்றது. ஆனால் பொரியிட்டவன், தங்கை மகவுக்குக் காது குத்தும் வரை நாடு நீங்கலாகாது என்பதும் அதே சட்டம். குத்தவேண்டிய காதுகள் இன்று நாற்பத்தாறு. பிறக்கவிருப்பன கணக்கில் இல்லை. ஆகவே நாடு கடத்தும் தண்டனை கழிந்தது.

ஆகவே தீர்ப்பு இது. முழக்கோல் அவனிடமிருந்து வாங்கப்படும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அவனுக்குச் சலுகை இல்லை. சலுகையால் குறைந்த தொகை முழுதும் அவன் கூலியில் சிறுகச் சிறுகக் கழியும். இதனால் அவன் நெடுநாள் கஞ்சி குடிக்க நேரும், அது தண்டனைதான், விளையாட்டன்று. இனி அவன் நீலச் சாயத்தொட்டியில் பணிபுரிவான். படிக்காமல் முத்திரையிட்ட அமைச்சனுக்கும் பன்னிரண்டு ஆண்டுகள் சலுகை இல்லை. தனியே என் மனைவி வழங்கிய தீர்ப்பு இவ்வோலையில் எழுதத்தக்கதன்று.

நண்பரே, இன்னும் ஒன்று. தங்கள் மகளுக்குத் தைத் திங்களில் மணம். அவளுக்கு உடன்பிறந்தான் இல்லை. தாங்கள் முறையீடு எழுதிய அதே நாளில், அதே தூதன் கையில், அவளும் தனியே எனக்கோர் ஓலை விடுத்திருந்தாள். "சின்ன வயசுல எனக்குப் பொம்மைக்குத் துணி வெட்டிக் குடுத்தவன் அவன் ஒருத்தன்தான். பொரி போட அவனை அனுப்பி வையுங்க மாமா. அப்பா கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆதலால் இதை ஆணையாகவே எழுதுகிறேன்.

தை முகூர்த்தத்தில் நம்பிக்கூத்தன் செந்திருநங்கையின் கையில் பொரியிடுக. அவன் விரல்களில் நீலம் இருக்கும். யாரும் முகம் சுளியற்க. நீர் பொண்ணு வீடா என்று அவனை எவரேனும் கேட்டால், தாங்களே முன்வந்து ஆம் என்க. கூறைப்புடவை மட்டும் முழுவிலைக்கே வாங்கப்படுக.

இவ்வோலை எழுதி முடித்தபின் மேலிருந்து கீழாக இருமுறை என்னால் படிக்கப்பட்டது. அதன் பின்னரே இலச்சினை பொறிக்கப்பட்டது. பந்தியில் எனக்கு அவன் அருகே ஓர் இலை போடுக. இது மன்னர் ஆணை. இலை மட்டும் என் விண்ணப்பம்.