வயிற்றில் போட்ட ஊசி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

ப்ராஸ்டேட் கட்டிக்காக மாதாமாதம் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி போடுகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அது ஆண் ஹார்மோன் சுரப்பதையே தடுத்துவிடுமாம். போட்ட இடம் கல்லாக வீங்கிச் சிவந்திருக்கிறது. அதைவிட வெட்கக்கேடு ஒன்று. கடையில் ஒருவருக்குக் கழுத்தளவு எடுக்கும்போது, மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று தீ. சட்டை நனைந்துவிட்டது. "என்ன டெய்லர் சார், அளவு எனக்கு, வேர்வை உங்களுக்கா?" என்று சிரித்தார்.

நான் இப்போது என்னவாகிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன். வீட்டில் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் தேதி இருக்கிறது, புத்தி இல்லை.

அந்தத் தீ எனக்குத் தெரியும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவது. உனக்கு ஊசியால் வருகிறது. கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், இதைத் தவிர. எனக்கு நின்றபோது நான் பெண்ணில்லாமல் போய்விட்டேனா? உன்னை அதட்டுவதை ஒரு நாளாவது நிறுத்தினேனா?

வீக்கம்தான் எனக்குப் புரியவில்லை. ஊசி எந்த இடத்தில்? தேய்த்துவிடுகிறாயா? பெல்ட் அதன்மேல் படுகிறதா? வேலை செய்யும்போது எப்படி நிற்கிறாய்? நெஞ்சுப் படபடப்புக்கு நீ போடும் மாத்திரை டாக்டருக்குத் தெரியுமா? மழுப்பாமல் எழுது.

உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

போலீஸ்கூட இவ்வளவு கேட்காது. ஊசி தொப்புளுக்கு வலப்பக்கம். பெல்ட் போடுவதில்லை. அரித்தால் தேய்ப்பேன். கட்டிங் டேபிள் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்துதான் துணி வெட்டுவேன், எல்லா டெய்லரும் அப்படித்தான். வேறு மாத்திரை உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றேன். பெரிய வியாதிக்கு வந்த இடத்தில் சின்னதை எதற்கு இழுப்பது?

உன் தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

அந்த டேபிள் விளிம்புதான் என்று என் மனம் சொல்கிறது. மருந்தோடு வரும் தாளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் படித்தேன். ஊசி போட்ட இடத்தை அழுத்தக்கூடாது, தேய்க்கக்கூடாதாம். நீ நாள் முழுக்க இரண்டையும் செய்கிறாய். இன்னொன்றும் இருக்கிறது. இதயத் துடிப்புக்கான சில மாத்திரைகளோடு இந்த ஊசி சேர்ந்தால் துடிப்பு தடுமாறலாமாம். உன்னுடையது அந்த வகையா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் செய். காய்ச்சலோ மயக்கமோ வந்தால் உடனே நேரில் போ.

ஊசியை நிறுத்துவதை நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. நிறுத்தினால் கட்டி சும்மா இருக்குமா?

உன் மனைவியிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உன் அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். நர்ஸ் வீக்கத்தைப் பார்த்தார். "ஐயா, டேபிள்ல சாயாதீங்க. அடுத்த ஊசியை வேற இடத்துல போட்டுடலாம்" என்றார். டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். ஈசிஜி எடுத்தார், மாத்திரையை மாற்றினார். ஊசியைத் தொடரலாமாம். வீக்கமும் வடிகிறது.

பிறகு வீட்டில் அவளிடம் எல்லாம் சொன்னேன், அந்தத் தீயையும். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "எனக்கு இது வந்தப்போ நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"வேலைக்கு டிமிக்கி கொடுக்க ஒரு சாக்குன்னீங்க."

ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. அது வந்துட்டுப் போயிடும். பயப்படாதீங்க."

நாளை ஊசிக்கு அவளும் வருகிறாள்.

உன் தம்பி

மார்ச் 31

அன்புத் தம்பிக்கு,

சந்தோஷம். இனி இந்த விஷயத்தில் என்னைக் கேட்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆள் இருக்கிறாள்.

உன் அத்தான் கண்மூடும்வரை அவரிடம் நான் இதைச் சொன்னதில்லை. தீ வரும்போதெல்லாம் அடுப்படியில் வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவேன். அவரும் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரோடு அத்தனை வருடம் வாழ்ந்தும், என்னால் ஊகிக்க முடியவில்லை.

உன் அக்கா