தை அமாவாசையும் நம் புழுவும்

அடி என் செல்ல சுபைதா,

மார்கழியில் உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. அதற்கப்புறம் ஆராய்ச்சிக்கூடத்தில் உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் என் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். யாராவது கேட்கட்டும், சண்டைக்குப் போவேன்.

புழு விஷயம் சொல்கிறேன். அடையாறு முகத்துவாரச் சேற்றில் நாம் கண்டுபிடித்த அந்தச் சிவப்புப் புழு, முட்டை நிறைந்து வளையை விட்டு வெளியே வருவது அமாவாசையன்றுதான். தண்ணீர் நன்றாக வற்றி அது கண்ணில் படுவதும் அன்று நடுப்பகலில்தான். எங்கள் வீட்டில் என் கணவர் தம் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணுவதும் அதே நாள், அதே உச்சிப்பொழுது. இருப்பது ஒரே சந்திரன். அது புழுவை வெளியே இழுக்கிறது, என்னை அடுப்படிக்குள் தள்ளுகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அதனால்தானே அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்? மற்ற நாளெல்லாம் நான், அமாவாசை நீ. "நீங்க வாழைக்காய் நறுக்குங்கக்கா, புழுவை நான் பாத்துக்கறேன்" என்று கிண்டல் பண்ணிவிட்டு ராயப்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போவாய். முழங்கால்வரை சேறு அப்பிக்கொண்டு வந்து நிற்பாய். போன மாசியிலிருந்து ஓர் அமாவாசையைக்கூட நீ விடவில்லை. தை மட்டும் பாக்கி. மழைத் தண்ணீர் வடிந்து உப்பு ஏறும் மாதத்தில் அது முட்டையிடுகிறதா இல்லையா என்பதுதானே நம் கேள்வியே? அது தெரியாமல் ஆய்வேடு எப்படி முடியும்?

பேராசிரியரிடம் போனேன். "இதுக்குப் போயி கண்ணைக் கசக்குவாங்களா? மார்கழிக் கணக்கையே தைக்கும் போட்டுடும்மா. யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீ சேற்றில் நின்று எடுத்ததற்குப் பக்கத்தில் நான் ஒரு பொய்யை உட்காரவைக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பௌர்ணமியன்று தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. கைவலை வீசுவாரே, உனக்கு இறால் கொடுப்பாரே, அவர், "இன்னாமா, அந்தப் பொண்ணு எங்க கீது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாளை தை அமாவாசை. போன வாரமே கணவரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மறுநாள் போயேன். புழு என்ன ஓடியா போயிடப்போறது?" என்றார். ஓடித்தான் போகும், அதுதான் சங்கதியே என்றால் அவருக்குப் புரிந்தால்தானே! மாமியாரோ, "தை அமாவாசையும் அதுவுமா, மடியா சமைக்க வேண்டியவ சேத்துல நின்னுண்டு புழுவைத் தொடப்போறயா? நன்னாருக்குடி!" என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "என்னால அடுப்படியில நிக்க முடியலைடி. அவர் போனப்புறம் அவருக்குன்னு நான் பண்ண முடிஞ்சது இது ஒண்ணுதான்."

அதற்குமேல் என்ன சண்டை போட? கதவைச் சாத்தியிருந்தால் தட்டலாம், உதைக்கலாம். ஒரு வயதானவர் அழுதுகொண்டு வழியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? போனால் பாவி, போகாவிட்டாலும் பாவி. நீ இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

இன்று காலை காபியைக் கொண்டுபோய் மாமியார் பக்கத்தில் வைத்தேன். "எனக்கும் ஒருத்தி போயிட்டாம்மா. அவளுக்குன்னு நான் பண்ண முடிஞ்சதும் இது ஒண்ணுதான்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நிமிஷம்வரை என்னோடு பேசவில்லை.

நாளை நான் போகிறேன், சுபைதா. அப்புறம் இந்த வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடுப்பகலில் நீ நிற்கிற இடத்தில் நிற்பேன். புழு வந்தால் வந்தது என்று எழுதுவேன், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
கமலா