உன் அம்மாவின் தகடு

உன் படம் என் மேசைமேல் கிடக்கிறது. அகதி முகாம் அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்தது. மூலையில் பாதி முத்திரை. போன வாரம் உன் மகள் கொண்டுவந்தாள். "அம்மா படம் இது ஒண்ணுதானுங்க இருக்குது. பெருசா அச்சுப் போட்டுத் தாரீங்களா?" என்றாள். நீ போய்ச் சேர்ந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சலாம், மூன்றே நாளாம். நாம் பேசி நாலு வருஷம்.

அதற்கு முன் ஓயாமல் பேசினோம். ஞாயிறானால் சோமனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, துடியலூரில் என் அச்சுக் கொட்டகைக்கு வந்துவிடுவாய். "ஏனுங்க அம்மணி, கையில மருதாணியா, மையா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே என்னைக் கேலி செய்வாய்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் உன் அம்மாவின் போட்டோவைக் கொடுத்தாய். நாலு வயதில் நீ இலங்கையிலிருந்து படகேறியபோது, உன் அப்பா பாலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. அம்மா அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். அந்த முகத்தைத் துத்தநாகத் தகட்டில் ஊசியால் வரைந்து பத்துப் படி அச்சிட்டேன். கண்காட்சியில் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்ன எண்ணிக்கை முடிந்ததும், இனி யாரும் அச்சிட முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். யோசிக்காமல் கீறினேன். மறுவாரம் நீ பார்த்தாய். அன்றுதான் உன் வீட்டுப் பேச்சை முதன்முதலாகக் கேட்டேன். "என்ர அம்மாவை ஏன் கீறினனீ? கடலுக்குள்ளயும் ஒரு கீறல் விழேல்லையே!"

"இது வழக்கம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கமாட்டாய் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் எட்டிப் பார்ப்பேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

உன் மகள் போகும்போது வாசலில் தயங்கி நின்றாள். "அச்சுப் போட்டுட்டுத் தகட்டைக் கீறிப்போடுவீங்களாமா? அம்மா சொல்லுச்சுங்க."

உன் படத்தையும் தகட்டில் வரைந்து, இன்று அச்சிட்டு முடித்தேன். தகட்டைக் கீறவில்லை. பாலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை உன் மகள் கையில் கொடுத்துவிடுவேன்.

உன் அம்மாவின் தகடு என்னிடம்தான் இருக்கிறது. பேச ஆளில்லாத இந்தக் கொட்டகையில், உன்னிடம் கேட்காத மன்னிப்பை அந்த முகத்திடம் கேட்டேன். பிறகு, அந்தக் கீறலையாவது தேய்த்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீறல் மறைய மறைய அம்மாவின் கன்னமும் கூடவே மறைந்தது. கையை எடுத்துவிட்டேன். மீதி முகத்தைக் கீறலோடேயே வைத்திருக்கிறேன்.