சொருக இடமில்லாத வண்டி

ஃப்ரைபெர்க்,
திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு

அன்பு மகன் ஹைக்கோவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. எல்லோரும் என்றால் நானும் உன் அப்பாவும்தான். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. அப்பாவின் கை நடுக்கத்துக்கு டாக்டர் ஒரு பெயர் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்த பிறகும் காபி சாசரில்தான் கொட்டுகிறது.

நீ ஆஸ்லோவிலிருந்து அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே குணம். யாரையும் கேட்கமாட்டீர்கள், நீங்களாகவே முடிவு கட்டிவிடுவீர்கள்.

கோடையிலிருந்து உன் அப்பா தன் பொம்மை ரயில்களில் அந்தக் கருப்பு நீராவி வண்டிக்கு டீகோடர் தேடிக்கொண்டிருக்கிறார். அதே வண்டிக்குத்தான். எதுவும் கிடைக்காத அந்தக் காலத்தில் கடைக்காரர் மற்றவர்கள் கண்ணில் படாமல் மேசைக்கு அடியில் ஒளித்துவைத்து அவருக்கென்று கொடுத்தாரே, அது. பொம்மை ரயிலுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மூளை எதற்கு என்று ஊரெல்லாம் வாதாடிய மனிதர், இப்போது சூப் ஆறுவது தெரியாமல் டீகோடர் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் பாடமாகிவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளில் தன் எண்ணுக்கு வருவதை மட்டும் காதில் வாங்கி அதன்படி நடக்குமாம். நம் வீட்டில் யாருக்கும் இல்லாத குணம்.

விசில் சத்தம் போடும் டீகோடரா, ஊமை டீகோடரா என்று கொஞ்ச நாள் ஓடியது. பழைய மோட்டார் மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும், சின்ன டீகோடர் தாங்காது என்று கொஞ்ச நாள். அப்புறம் நீளம் அகலம். பொம்மை ரயில் கிளப்பிலிருந்து சீக்மார் வந்து பார்த்தார். "எக்கஹார்ட், என்கிட்ட குடு, ஒரு மணி நேரத்துல பத்தவச்சுத் தர்றேன்"னு சொன்னார். "எந்த டீகோடர்னே நான் இன்னும் முடிவு பண்ணலப்பா, அதுக்குள்ள என்ன அவசரம்"னு உன் அப்பா அவரை அனுப்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் டீகோடர் தேடவில்லை, ஹைக்கோ. தன் கையால் இனி ஒயர் பற்றவைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பற்றவைக்க உன் கை வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தக் கிறிஸ்துமஸ் மாலை எனக்கு மறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியைத் திறந்து, உள்ளே பாரத்துக்காக வைத்திருந்த ஈயக் கட்டியை அராவி இடம் பண்ணி, டீகோடர் வைத்துத் தண்டவாளத்தில் ஏற்றினாய். ஆசையாகத்தான் செய்தாய். மோட்டாரின் ஒரு மின்முனை வண்டியின் உலோக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை. டீகோடர் கருகிப் புகை வந்தது. "நிஜ நீராவி வண்டியாவே ஆயிடுச்சே"ன்னு நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. "உன் கையில எதக் குடுத்தாலும் அறுத்துட்டுத்தான் விடுவ. கல்யாணத்தையும் அப்படித்தான் அறுத்த"ன்னு சொன்னார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் மேசையில் இருக்க, நீ கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

இது உனக்குத் தெரியாது: போன மாதம் வண்டியைத் திறந்து, நீ அராவிய பள்ளத்தை அளந்து பார்த்தார். "ஓரமெல்லாம் எவ்வளவு சுத்தமா அராவியிருக்கான் பாரு. அளவு கொஞ்சங்கூடப் பிசகல"ன்னு சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அவ்வளவுதான் வரும்.

அதனால்தான் உனக்குத் தபால் அட்டை போட்டேன். அப்பா அந்தப் பழைய வண்டிக்கு டீகோடர் தேடுகிறார் என்று எழுதினேன். வாயேன் என்றுதான் அதற்கு அர்த்தம். நீ வாங்கி அனுப்பிவிட்டாய்.

பார்சலை என்னைப் பிரிக்க விடவில்லை. கத்தரிக்கோல் அவர் கையில் நடுங்கியது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டீகோடரை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே அடைத்திருந்த நார்வே பத்திரிகைத் தாளை நீவி, இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கு நார்வே மொழி தெரியாது. நீ ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

அதன் பிறகுதான் டீகோடரைப் பார்த்தார். "நல்ல சரக்கு, இருக்கறதுலயே ஒசத்தி"ன்னார். திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா இது பிளக் வச்சதாச்சே. புது வண்டிக்குத்தான் ஆகும். இதுல சொருக எடமே கெடையாது. ஒவ்வொரு ஒயராப் பத்தவைக்கணும். அவனுக்கு ஞாபகமே இல்ல, ரோஸ்வித்தா"ன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உன் கையால் திறந்து, உன் கையால் அராவிய வண்டி. ஏழு வருடமாக நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பதே அதை வைத்துத்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்பதே உனக்கு மறந்துவிட்டது. அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கோபமாக இருக்கிறாய்டா?

சனிக்கிழமை சீக்மார் வந்தபோது, "என் பையன் அனுப்பியிருக்கான், கச்சிதமாப் பொருந்துது"ன்னு அப்பா சொன்னார். சீக்மாருக்குக் கண் தெரியும். காபியைக் குடித்து முடித்தார். வாசலில் என்னிடம், "பிளக்க வெட்டிட்டா ஒயர் மிஞ்சும், அதப் பத்தவச்சா ஓடும். நான் கேட்டா அவன் குடுக்கமாட்டான்"னு சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். டீகோடர் வானொலிக்குப் பக்கத்தில் பெட்டியோடு இருக்கிறது. தூசி தட்டக்கூட என்னைத் தொட விடுவதில்லை.

ஆஸ்லோவிலிருந்து பெர்லினுக்கு விமானம் எவ்வளவு நேரம் என்று நான் விசாரித்துவிட்டேன். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எதைக் கொடுத்தாலும் அறுத்துவிடுவாய் என்றுதானே அன்று உன்னைச் சொன்னார். வந்து இந்த பிளக்கையும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ. அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொள்வார். வெளிச்சம் கொஞ்சம் ஆடும், நீ கண்டுகொள்ளாதே.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். கையுறை போட்டுக்கொள். என் ஆயுசுக்கும், அதற்கு அப்புறமும், உன் கை நடுங்காமல் இருக்கட்டும்.

அம்மா