காதர் பாய் வீட்டுப் பக்கத்துக் கம்பிவலை

ஜூன் 8, திங்கள்

மேற்குக் காற்று. வாயைத் திறந்தால் மண். பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வந்ததும் கோழியடைப்பில் இறங்கினேன். மூன்று வருடமாக யாரும் உள்ளே போகவில்லை. எருக்கு தோள் உயரம். கதவு முழுக்கக் கோவைக்கொடி. அரிவாள் மொன்னை. கையில் இரண்டு முள்.

என் மனைவி ஸ்டெல்லா கொல்லைப்படியில் உட்கார்ந்து மேற்பார்வை. கை வயிற்றில். பழைய வலி திரும்ப வந்திருக்கிறது. அடுத்த திங்கள் மதுரையில் ஸ்கேன்.

"அன்னைக்கு அந்தோணியாருக்கு நேந்த சேவலக் குடுக்க முடியாமப் போச்சு. அதான் மறுபடி வலிக்குது. இந்தவாட்டி வளத்துக் குடுத்துரணுங்க."

எருக்கை வெட்டினேன்.

ஜூன் 9, செவ்வாய்

வாங்க: கம்பிவலை 30 அடி, கட்டுக்கம்பி, சுண்ணாம்பு, பூட்டு. குஞ்சுகள் பத்து, சனிக்கிழமை கன்னிவாடியிலிருந்து.

வலை காதர் பாய் வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் போதுமாம், ஆள் உயரத்துக்கு. "கோழிக்கடைக்காரருக்குக் கை நீளம்." ஸ்டெல்லா சத்தமாகத்தான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை. அந்தச் சேவலைப் பிடித்தவன் நான். அவள் பாலசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஹெட்மாஸ்டர் சாப்பிட வருவதாகத் திடீர் போன். இரண்டு சிவப்புச் சேவலில் ஒன்று மரத்தில் ஏறிவிட்டது. கையில் சிக்கியது காலில் நீல வளையம் போட்டது, நேர்ந்துவிட்டது. தெரிந்தேதான் பிடித்தேன். பாய்தான் அறுத்துக் கொடுத்தார். அவள் வந்து தேடியபோது அவர் கடைக்குப் பின்னால் சிவப்பு இறகு. தெருவே கேட்க அவரைத் திருடன் என்று திட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுவாரமே மீதிக் கோழிகளை விற்றுவிட்டாள். கோழை நான். வேறென்ன எழுத.

ஜூன் 11, வியாழன்

சுண்ணாம்பு தூவியாயிற்று. தும்மல். ஸ்டெல்லா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரம் வலை கட்டினேன். ஒற்றை ஆளாக இழுக்க வரவில்லை. சுவருக்கு மேலே காதர் பாய் தலை. ஸ்டூல் போட்டு ஏறி நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தடுக்கும் வலையை அவரே.

"இன்னுஞ் செத்த இழுங்க சார். தொய்வா இருந்தா கீரி ஏறிரும்."

"பாய், அவகிட்ட சொல்லிரட்டுமா?"

"இதத்தான் மூணு வருசமா எங்கிட்ட கேக்குறீங்க. கட்டுக்கம்பியக் குடுங்க."

ஜூன் 13, சனி

குஞ்சுகள் வந்தன. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. பத்தில் ஒன்று சோர்வு. வெல்லத் தண்ணீர் கொடுத்தோம்.

அவள் ஒன்றை உள்ளங்கையில் வைத்திருந்தாள். மடியில் புது நீல வளையம், வாங்கியே வைத்திருக்கிறாள். "இதுல ஒண்ணாவது சேவலா இருக்கும். பாய் கண்ணுல படாம வளக்கணும்."

சொல்லிவிட்டேன். நின்றபடி, மூச்சு விடாமல், எல்லாவற்றையும்.

அழவில்லை. திட்டவில்லை. குஞ்சை மெல்லப் பெட்டியில் விட்டாள்.

"ஹெட்மாஸ்டர் நல்லா இருக்குன்னாரா?"

"ம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு வெஞ்சனம் இல்லாத வெறுஞ்சோறு. அதையும் நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்கு எனக்கு முன்னால் நடந்து போனாள். திரும்பியதும் நேரே காதர் பாய் வீடு. அரை மணி நேரம். சுவர் வழியாகக் கேட்டது அவர் மனைவி மும்தாஜ் குரல் மட்டும்: "அழாதீங்க ஸ்டெல்லா, எந்திரிங்க."

வந்தாள். கண் வீங்கியிருந்தது. குறடால் கட்டுக்கம்பிகளை வெட்டினாள். முப்பதடி வலையும் கீழே. சுருட்டி என் காலடியில் போட்டாள்.

"நம்ம சமையக்கட்டுப் பக்கமாக் கட்டுங்க. ஆள் உயரத்துக்கு."

கட்டினேன். கதவில் பூட்டு போட்டாள். "சாவி காதர் அண்ணன் வீட்ல இருக்கும். நாளைக்கு ஸ்கேனுக்கு மும்தாஜ் அக்கா கூட வர்றாங்க. நீங்க லீவு போட்டுக் குஞ்சுகளப் பாருங்க."

தீனி வாளி கையில். அடைப்புக்குள் பத்தும் கத்துகின்றன. சாவி கேட்கப் போக வேண்டும்.